பேனா வடிவ பிஎச் மீட்டர்: கருவி சரி, கூட வரும் வண்ண அட்டை தவறு

கரைசலின் அமில, காரத் தன்மையை எண்ணாகக் காட்டும் இந்த பிஎச் மீட்டரை வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் வண்ண அட்டையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு மீட்டரை மட்டும் பயன்படுத்துங்கள். பிள்ளைகளுக்கு அமிலம், காரம் சொல்லிக்கொடுப்பதற்காக வாங்குபவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மீட்டர் சரியாகக் காட்டுவதை அந்த அட்டை தப்பாகப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறது.

அட்டையில் இருப்பது இதுதான்: 0 முதல் 3 வரை சிவப்புக் கட்டம், மேலே ‘வலிமையான அமிலம்’. 4 முதல் 6 வரை மஞ்சள், ‘வலிமை குறைந்த அமிலம்’. 7 பச்சை. அப்புறம் 8 முதல் 10 வரை ‘வலிமை குறைந்த காரம்’, அதற்கு மேல் ஊதாவில் ‘வலிமையான காரம்’. பார்க்க அழகாக இருக்கிறது, பாடப்புத்தகத்தில் பார்த்தது போலவும் இருக்கிறது, அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இப்போது மீட்டரை வைத்தே அட்டையைச் சோதிப்போம். 0.1 மோலார் (மோலார் என்பது செறிவின் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுத்தால் பிஎச் 1ஐ ஒட்டி வரும். அதையே ஆயிரம் மடங்கு நீர்த்தால் 4 வரும். அட்டையின்படி அது இப்போது மஞ்சள் கட்டத்துக்குள் வந்து ‘வலிமை குறைந்த அமிலம்’ ஆகிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குணம் மாறிவிடுமா என்ன? அது எவ்வளவு நீர்த்த நிலையிலும் அநேகமாக முழுவதும் அயனிகளாக, அதாவது மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரியும் அமிலம்தான். மறுபக்கம் 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் மீட்டரை விட்டால் 2.9 அளவில் நிற்கும், அட்டை அதை ‘வலிமையான அமிலம்’ என்கிறது. அந்தச் செறிவில் நூறு அசிட்டிக் அமில மூலக்கூறுகளில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் அயனியாகப் பிரிந்திருக்கும், மீதி அப்படியே முழு மூலக்கூறாக இருக்கும். வலிமை குறைந்த அமிலம் என்றால் எல்லோரும் முதலில் சொல்வதே இதைத்தான்.

பிஎச் சொல்வது இந்தக் கரைசலில் இந்த நேரத்தில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும். வலிமை என்பது அந்த அமிலத்தின் சொந்தக் குணம், தண்ணீரில் போட்டால் எந்த அளவுக்குப் பிரியும் என்பது. செறிவு என்பது எவ்வளவு அமிலத்தைக் கலந்திருக்கிறோம் என்பது. வலிமையும் செறிவும் சேர்ந்துதான் பிஎச்சைத் தீர்மானிக்கின்றன, அதனால் பிஎச்சை மட்டும் பார்த்து வலிமையைச் சொல்வது, தெருவில் நிற்பவர்களை எண்ணிவிட்டு ஊரில் மொத்தம் இவ்வளவு பேர்தான் என்று சொல்வது மாதிரி.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது, மீட்டரின் உண்மையான பயன் எனக்கு இதில்தான் தெரிகிறது. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 10 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குவளையில், அதே பிஎச் வரும் வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லி. இரண்டிலும் மீட்டர் ஒரே எண்ணைக் காட்டும், அட்டைப்படி இரண்டும் ஒன்றுதான். இப்போது இரண்டிலும் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலக் குவளை சுமார் மூன்றே சொட்டில் நடுநிலையைத் தாண்டிவிடும். அசிட்டிக் அமிலத்துக்கோ கிட்டத்தட்ட 10 மில்லியும் தேவைப்படும், ஏனென்றால் பிரியாமல் காத்திருந்த மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து காரத்துக்கு ஈடு கொடுத்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் எழுபது மடங்குக்கும் மேல். இதைப் பார்த்த மாணவருக்கு வலிமை வேறு, பிஎச் வேறு என்று தனியாக விளக்கவே வேண்டியதில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். அசிட்டிக் அமிலம் முழுவதும் தீர 10 மில்லி காரம் வேண்டுமென்றால், சரிபாதியாக 5 மில்லி விட்டதும் நிறுத்தி மீட்டரைப் பாருங்கள். 4.7ஐ ஒட்டி ஓர் எண் வரும். அதுதான் அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது அந்த அமிலத்தின் வலிமையைக் குறிக்கும் எண். பாதி அமிலம் உப்பாகி, பாதி அமிலமாகவே இருக்கும் அந்த இடத்தில் பிஎச்சும் பிகேஏவும் சமமாகிவிடும். தொடங்கிய செறிவை ஓரளவு மாற்றிப் பாருங்கள், எண் பெரிதாக நகராது. வலிமையை அளக்க வேண்டுமென்றால் மீட்டரை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும். அட்டையில் வலிமையான, வலிமை குறைந்த என்று கட்டம் போட்ட இடத்தில் இந்தச் சோதனையை நாலு வரியில் அச்சிட்டிருக்கலாம். எவ்வளவு நல்ல வாய்ப்பை வீணாக்கியிருக்கிறார்கள் என்று உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

காரங்களுக்கும் இதே கதைதான். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 13, அதே செறிவில் அம்மோனியா சுமார் 11. ஒரே செறிவில் ஒப்பிட்டால்தான் எது வலிமையானது என்று சொல்ல முடியும்.

அட்டையில் இன்னொரு குறை, கட்டங்கள் எல்லாம் ஒரே அகலம். பிஎச் மடக்கை அளவுகோல், ஓர் எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடும். 6க்கும் 3க்கும் இடையே ஆயிரம் மடங்கு. 1909இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் இந்த அளவுகோலைக் கொண்டுவந்ததே, பத்தின் அடுக்குகளில் நீண்டுபோகும் எண்களைக் கைக்கு அடக்கமாக எழுதத்தான். 0, 14 என்பதும் சுவர் அல்ல, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் பூஜ்யத்துக்கும் கீழே போகும்.

சரி, கருவிக்கு வருவோம். கண்ணாடிக் குமிழ், உள்ளேயே ஒப்பீட்டு மின்முனை, சின்னத் திரை, ஒரு பட்டன். கூடவே 4.01, 6.86, 9.18 என்று மூன்று தாங்கல் (பிஎச் எளிதில் மாறாத கரைசல்) பொடிப் பொட்டலங்கள், ஒவ்வொன்றையும் காய்ச்சி வடித்த நீரில் 250 மில்லியாகக் கரைக்க வேண்டும். குமிழின் உள்ளும் வெளியும் ஹைட்ரஜன் அயனி அளவு வேறுபடும்போது உண்டாகும் மின்னழுத்தத்தைத்தான் இது அளக்கிறது, 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட். 1934இல் அமெரிக்க வேதியியலாளர் அர்னால்ட் பெக்மன் இந்த மிகச் சிறிய மின்னழுத்தத்தை மின்பெருக்கி வைத்து அளக்கும் கருவியைக் கட்டியபோது அதை ஒரு மேசைமேல்தான் வைக்க முடியும், இன்று சட்டைப்பைக்குள் போகிறது. முதலில் 6.86, பிறகு 4.01 அல்லது 9.18 என்று இரண்டு இடத்தில் அளவுதிருத்தம் செய்த பிறகு எண் நன்றாக நிற்கிறது. அளவுதிருத்தம் செய்யாமல் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

திரையில் இரண்டு தசமம் தெரிகிறது, ஆனால் துல்லியம் கூட்டியோ கழித்தோ 0.1 என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். 0.1 சின்னதாகத் தோன்றலாம், அயனி அளவில் அது கால்பங்குக்கும் மேல். ஆகவே 6.43 என்று தெரிந்தால் 6.4 என்று எழுதிக்கொள்வதே நேர்மை. வெப்பநிலைத் திருத்தம் தானாகச் செய்யும் என்கிறார்கள், செய்கிறது, ஆனால் அது மின்முனையின் போக்கைத் திருத்துவது மட்டும்தான். கரைசலின் பிஎச்சே வெப்பத்தோடு மாறும், அதை இந்த மீட்டர் 25 டிகிரிக்கு மாற்றிக் கொடுக்காது. சுத்தமான தண்ணீர் 60 டிகிரியில் 6.5 அளவில் இருக்கும், அதுவும் நடுநிலைதான், ஏனென்றால் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் அங்கேயும் சமம். அட்டையோ 7க்குக் கீழே எல்லாவற்றையும் அமிலம் என்று எழுதிவிட்டது.

காய்ச்சி வடித்த நீரில் வைத்தால் எண் அலைபாயும், மீட்டர் பழுது என்று திருப்பி அனுப்பாதீர்கள். அந்த நீரில் மின்சாரம் கடத்த அயனிகளே அரிது, போதாததற்குக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து மெல்ல 5.6 பக்கம் இழுக்கும். 12க்கு மேலே சோடியம் நிறைந்த கரைசல்களில் கண்ணாடிக் குமிழ் உண்மையைவிடக் குறைத்தே காட்டும், நான் மேலே சொன்ன 13 உங்கள் மீட்டரில் 12.7 என்று வந்தால் ஆச்சரியமில்லை.

ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் மட்டும் இதை ஒருபோதும் வைக்காதீர்கள், கண்ணாடியை அரித்துவிடும். பிகேஏ 3.2 அளவில் இருப்பதால் அதுவும் ‘வலிமை குறைந்த அமிலம்’ பட்டியலில்தான் வரும், ஆனால் தோல் வழியே உள்ளே இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். வலிமை குறைந்தது என்றால் ஆபத்தில்லாதது என்று அந்த மஞ்சள் கட்டத்தைப் பார்த்து ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற கவலையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பராமரிப்பு: குமிழ் காயக் கூடாது, மூடிக்குள் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு சில சொட்டு விட்டு மூடுங்கள், வெறும் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். துடைக்காமல் மெல்ல ஒற்றி எடுங்கள். பெட்டியில் இந்தச் சேமிப்புக் கரைசல் வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும், மின்முனையும் கழற்றி மாற்ற முடியாத வகை, தேய்ந்தால் முழுக் கருவியும் போய்விடும். இந்த இரண்டுக்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன், அட்டைக்காக இன்னொன்று. ஐந்துக்கு மூன்று.

எப்போதாவது ஒருமுறை, அமிலமா காரமா, ஏறக்குறைய எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் பிஎச் தாளே வாங்கிக்கொள்ளலாம், அளவுதிருத்தம், சேமிப்பு என்று எந்தத் தொல்லையும் இல்லை, நிறமுள்ள கரைசலில் மட்டும் படிக்க முடியாது. மேலே சொன்ன பாதிக் காரச் சோதனையைச் செய்ய நினைப்பவர்கள் மீட்டரோடு, திரவத்தை அளந்து சொட்டுச் சொட்டாக விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட் ஒன்றும் வாங்குங்கள்.