கும்பகோணம் டவுன் பஸ்: கட்டணம், காசு வரும் வழி, விடுபடும் நடை

கும்பகோணத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் தாராசுரம், சுவாமிமலை, திருநாகேஸ்வரம், பட்டீஸ்வரம், நாச்சியார்கோவில் என்று ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு டவுன் பஸ்தான் கதி. கட்டணத்தை மட்டும் பார்த்தால் இந்தச் சேவைக்குத் தாராளமாக முழு மதிப்பெண் போடலாம். நேரத்துக்கு வருகிறதா, கடைசி நடை ஓடுகிறதா என்று பார்த்தால் பாதிகூடப் போட முடியாது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: பஸ்ஸுக்குப் பணம் வரும் விதம்.

முதலில் பயணிக்குத் தேவையான விவரம். 2021 மே 8 முதல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டை எதுவும் காட்ட வேண்டாம். திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் அதே ஆண்டிலேயே இது விரிந்தது. அவர்கள் அட்டை வைத்திருக்க வேண்டும். தனியார் டவுன் பஸ், குறைந்த நிறுத்தங்களில் மட்டும் நிற்கும் எல்எஸ்எஸ், வெளியூர் போகும் புறநகர்ப் பேருந்து எதிலும் இது செல்லாது. குழப்பம் வருவது இங்கேதான். மயிலாடுதுறை போகும் புறநகர் பஸ் ஆடுதுறையில் நிற்கும். பக்கத்து ஊர்தானே என்று ஏறினால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். ஏறுமுன் முகப்பிலும் கண்ணாடியிலும் மகளிர் விடியல் பயணம் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கூடையோடு சந்தைக்குப் போகும் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. குழு அடையாள அட்டை இருந்தால் 25 கிலோ வரை, 100 கிலோமீட்டர் வரை, தாங்கள் தயாரித்த பொருளுக்கு லக்கேஜ் கட்டணம் கிடையாது.

இலவசம்தானே என்று டிக்கெட் வாங்காமல் உட்காரக் கூடாது. நடத்துநர் டிக்கெட் கருவியில் மகளிர் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஏறும் ஸ்டேஜ் (கட்டணம் கணக்கிடும் நிறுத்தம்), இறங்கும் ஸ்டேஜ் இரண்டையும் போட்டு ஒரு சீட்டைக் கிழித்துத் தருவார். அதில் கட்டணம் பூஜ்யம் என்று இருக்கும். விரல் நீளம்கூட இல்லாத அந்தத் தாள்தான் கழகத்துக்குச் சாட்சி. எத்தனை பெண்கள் பயணம் செய்தார்கள் என்று அரசிடம் காட்டும் கணக்கு அதிலிருந்துதான் எழுகிறது. கூட்ட நேரத்தில் நாலு பேருக்கு ஒரு சீட்டு என்று போனால் மூன்று பயணம் கணக்கிலேயே இல்லை. அந்த நடையில் ஆள் இல்லை என்று பிற்பாடு யாராவது சொன்னால் மறுக்க ஆதாரமும் இல்லை.

அரசு தரும் பணம் சின்னத் தொகை அல்ல. 2025-26 பட்ஜெட்டில் இத்திட்டத்துக்கு ஒதுக்கியது 3,600 கோடி ரூபாய். 365 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 9.86 கோடி. மாநிலம் முழுக்க ஒரு நாளில் 55 லட்சம் மகளிர் பயணம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ 18 ரூபாய் விழுகிறது. இதை டீசலோடு வைத்துப் பாருங்கள். லிட்டர் 92 ரூபாய், வண்டி லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 17 ரூபாய் எரிகிறது. நாச்சியார்கோவில் போய்த் திரும்ப 20 கிலோமீட்டர்; டீசல் மட்டும் 335 ரூபாய். போக வர 19 பெண்கள் ஏறினாலே அது ஈடாகிவிடும். ஆகவே இலவசத்தால்தான் பஸ் நஷ்டம் என்பது சரியல்ல. பெரிய செலவு சம்பளம். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் வண்டி நிரம்பினாலும் காலியாகப் போனாலும் ஒரே சம்பளம்தான்.

அரசுப் பணம் பயணத்தை எண்ணி வருகிறது. செலவோ கிலோமீட்டரை எண்ணிப் போகிறது. காலை எட்டு மணி நடையில் இரண்டும் பொருந்தும். மதியம் இரண்டு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் பொருந்தாது. வண்டி பழுதானாலோ ஓட்டுநர் வராவிட்டாலோ சிறு நகர டிப்போக்களில் முதலில் கட் ஆவது டவுன் பஸ்தான். கையில் காசாகக் கலெக்‌ஷன் தரும் புறநகர் வண்டியை நிறுத்த யாருக்கும் மனம் வராது. ஸ்பேர் பஸ் போதாத டிப்போவில் இது தினசரிக் கதை. நம் பார்வையில் இச்சேவையின் மிகப் பெரிய குறை இதுவே. கட்டணமில்லாப் பயணத்துக்கான ஈட்டுத்தொகையில் ஒரு பங்கையாவது அட்டவணைப்படி ஓடிய கிலோமீட்டருக்கு என்று கொடுத்தால், கடைசி நடையை வெட்டுகிற டிப்போவுக்கும் இழப்பு தெரியும்.

டவுன் பஸ்ஸில் ஆண்களும் புறநகர் பஸ்ஸில் எல்லோரும் தரும் கட்டணத்தின் கதை வேறு. 2001, 2011, 2018 என்று அவ்வப்போது மட்டுமே உயர்ந்தது. புறநகர் சாதாரணக் கட்டணம் 2011 நவம்பரில் கிலோமீட்டருக்கு 28 பைசாவிலிருந்து 42 பைசாவானது; 2018 ஜனவரி 20 அன்று 60 பைசா. எதிர்ப்பு வெடித்ததும் ஒன்பதே நாளில் 58 ஆக இறக்கினார்கள். அப்போது டீசல் 70 ரூபாய்க்குக் கீழே. 2025 வரை அந்த 58 பைசா அசையவில்லை. ஆறு, பத்து ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே இரவில் 40, 50 சதவீதம் ஏற்றினால் எந்த ஊரும் பொறுக்காது. ஆண்டுக்கு ஒரு ரூபாய், அரை ரூபாய் என்று ஏறியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. கருவியில் யுபிஐ வந்த பிறகு சில்லறைத் தகராறும் பழைய மாதிரி இல்லை.

வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியை இத்தனை ஆண்டு அடைத்தது யார்? பெரிய அளவில் தொழிலாளர்கள்தான். சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதியும் ஓய்வுக்காலப் பணமும் அன்றாடச் செலவுக்குப் போயின. 2018 ஜனவரி வேலைநிறுத்தத்திலும் 2024 ஜனவரி வேலைநிறுத்தத்திலும் ஓய்வூதியர்களின் பாக்கி முக்கியக் கோரிக்கையாக இருந்தது. முப்பது ஆண்டு ஸ்டியரிங் பிடித்தவர் தன் பணத்துக்கே காத்திருப்பது அநியாயம். கட்டணம் மலிவு என்று பாராட்டும்போது இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

உள்ளாட்சியின் பங்கு தலைகீழாக இருக்கிறது. பஸ் நிலையம் மாநகராட்சியுடையது; கடை வாடகையும் வாங்குகிறார்கள், உள்ளே வரும் பஸ்ஸிடம் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். ஊரின் வியாபாரமே பஸ்ஸில் வந்து இறங்குகிறது, ஆனால் ஒரு நடைக்குக்கூட ஊர் பணம் தருவதில்லை. அந்த நுழைவுக் கட்டணத்தையாவது இரவு நடைகளுக்குத் திருப்பிவிடலாம்.

உங்கள் வழித்தடத்தில் நடை விடுபட்டால் போக்குவரத்துக் கழகப் புகார் எண்ணான 149-ஐ அழைக்கலாம். வெறுமனே பஸ் வரவில்லை என்றால் வேலை நடக்காது. தடம் எண், நிறுத்தம், அட்டவணை நேரம், எத்தனை நாள் வரவில்லை என்று தேதியோடு சொல்லுங்கள். நிறுத்தாமல் போன வண்டி என்றால் பதிவு எண்ணில் டிஎன் 68 என் என்பதோடு விடாமல் கடைசி நாலு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய நடை கேட்பதானால் டிப்போவின் கிளை மேலாளருக்கு மனு எழுதி, இரண்டு வாரம் அந்த நேரத்தில் நிறுத்தத்தில் நின்றவர்களின் எண்ணிக்கையை நாள்வாரியாக இணையுங்கள். ஏறியவர்களின் கணக்கு கருவியில் இருக்கிறது. பஸ் இல்லாமல் ஷேர் ஆட்டோவில் போனவர்களின் கணக்கு உங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லை.