புகை சர்டிபிகேட்டை மட்டும் நம்பி பி.எஸ். 6 லாரி வாங்கிவிடாதீர்கள்

செகண்ட் ஹேண்ட் லாரி தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எனக்கு நாலரை லட்சம் ரூபாய் செலவு வந்து நிற்கிறது.

நாமக்கல்லில் ஒரே வண்டியை வைத்துப் பதினொரு வருஷமாகத் தொழில் செய்கிறேன். இரண்டாவது வண்டிக்காக ஒரு புரோக்கரிடம் போனேன். 2020 கடைசியில் ரெஜிஸ்டர் ஆன பத்து வீல் வண்டி காட்டினார். டயர், பாடி, இன்ஜின் சத்தம் எல்லாமே திருப்தி. அது பி.எஸ். 6 வண்டி, அதாவது புகை மாசுக்கான புது விதிப்படி செய்தது. அப்படிப்பட்ட வண்டியில் சைலன்சர் பக்கம்தான் பெரிய செலவு வைக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "சந்தேகமே வேண்டாங்ணா, உங்க கண்ணு முன்னாடியே புகை டெஸ்ட் எடுத்துத் தர்றேன்" என்றார். எடுத்தும் தந்தார், பாஸ். அந்தத் தாளைப் பார்த்துத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

முதல் டிரிப் நாக்பூர். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியாகிவிட்டது. டிரைவர் போன் செய்து, "யூரியா முள்ளு கிளம்பும்போது நின்ன இடத்துலயே நிக்குதுங்க" என்றார். புகையைச் சுத்தம் செய்ய இந்த வண்டிகளில் தனி டேங்கில் யூரியா கரைசல் ஊற்றுவோம், அதன் அளவைக் காட்டும் முள் அது. அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 250 லிட்டர் டீசல் எரிந்திருக்கும். டீசலில் 5 சதவீதம் அளவுக்காவது யூரியா கரைசல் போகும், அதாவது 12 லிட்டர். முள் அசையாமல் இருக்க வழியே இல்லை.

வண்டி திரும்பி வந்ததும் சர்வீஸ் சென்டரில் விட்டேன். பேட்டரி பெட்டிக்குப் பின்னால் வயரிங்கோடு சேர்த்து டேப் சுற்றிய ஒரு சின்ன கறுப்பு டப்பா இருந்தது. எமுலேட்டர். யூரியா சரியாகப் போகிறது, சென்சார் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் பொய் சிக்னல் கொடுக்கிற சாமான். அது இல்லாவிட்டால் யூரியா குறையும்போதே வண்டி எச்சரிக்கை காட்டி, அப்புறம் இழுவையைக் குறைத்துவிடும். அதோடு சைலன்சர் பெட்டியை வெட்டி, உள்ளே கரித்தூளைப் பிடிக்கும் ஃபில்டரை எடுத்துவிட்டு, வெறும் பைப்பை வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். அதை மாற்றத்தான் நாலரை லட்சம் எஸ்டிமேட்.

இப்படிப்பட்ட வண்டி எப்படி பாஸ் ஆனது? அங்கிருந்த இன்ஜினியர் பொறுமையாக விளக்கினார். டீசல் வண்டிக்கு எடுக்கும் புகை டெஸ்ட், புகை எவ்வளவு அடர்த்தி என்பதை மட்டுமே அளக்கிறது. புகைக்குள் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு ஒளி மறைகிறது என்று அந்த மெஷின் பார்க்கும். யூரியா சிஸ்டம் இருப்பதே நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத்தான். அந்த வாயுவை ஒளியை வைத்துப் பார்க்கிற மெஷின் கண்டுகொள்ளாது. பெரிய வண்டிகளுக்கு முந்தைய விதியான பி.எஸ். 4-ல், இன்ஜின் தரும் ஒரு கிலோவாட்-மணி ஆற்றலுக்கு 3.5 கிராம் வரை அனுமதித்த இந்த வாயுவை பி.எஸ். 6-ல் சுமார் அரை கிராமுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அதை அளக்கும் கருவி நம் புகை சென்டர்களில் இல்லை. ரோட்டில் ஓடும்போதே அளக்கும் பெம்ஸ் கருவி, வண்டி தயாரிக்கும் கம்பெனிகளும் டெஸ்டிங் ஏஜென்சிகளும் வைத்திருப்பது.

ஃபில்டர் போனதையாவது அந்த டெஸ்டில் பிடித்திருக்கலாம். அதையும் ஒழுங்காக எடுக்கவில்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரை ஒரே மிதியாகக் கடைசி வரை மிதித்து, ஆர்.பி.எம். உச்சத்துக்குப் போனதும் விட வேண்டும். இப்படிச் சில தடவை மிதித்து சராசரி எடுப்பார்கள். என் வண்டிக்கு காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு, புகையை இழுக்கும் குழாயான புரோபை ஓரமாகச் செருகி, அரை மிதி மிதித்து, இரண்டே நிமிஷத்தில் தாளை நீட்டிவிட்டார்கள். நானும் பக்கத்திலேயே நின்றேன், எது சரியான முறை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

புரோக்கரிடம் கேட்டால் "டெஸ்ட் பாஸ் ஆன வண்டிதானுங்ணா" என்பதோடு பேச்சை முடிக்கிறார். புகை சென்டரில் "மெஷின் காட்டினதைத்தான் கொடுத்தோம்" என்கிறார்கள். சட்டப்படி இப்போது ஓனர் நான். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் அபராதமோ, ஆறு மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமோ ஓனருக்கு என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு சொல்கிறது. நான் மாற்றவில்லை என்பதை நிரூபிக்க என்னிடம் ஒரு தாளும் கிடையாது.

அபராதத்தை விட மனதை உறுத்துவது இன்னொன்று. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதியாக அறிவித்துவிட்டது. அந்தப் புகைக்குப் பக்கத்திலேயே சமைத்துச் சாப்பிட்டு, கேபினில் படுத்துத் தூங்குவது என் டிரைவர்.

வாங்கப் போகும் வண்டியை லோடோடு நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். யூரியா டேங்கை நிரப்பிவிட்டுக் கிளம்பி, திரும்பி வந்து மறுபடி நிரப்புங்கள். ஒரு லிட்டர்கூடப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம். முள்ளை நம்பாதீர்கள். சைலன்சர் பெட்டியைச் சுற்றிப் புது வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இன்ஜின் ஆறியபின் புகைக்குழாயின் உள்பக்கம் விரலால் தேயுங்கள். ஃபில்டர் நல்ல நிலையில் உள்ள பி.எஸ். 6 வண்டியில் கரி ஒட்டாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு, யூரியா எவ்வளவு செலவாகியிருக்கிறது என்ற பதிவையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எதற்காவது புரோக்கர் சாக்குச் சொன்னால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

வண்டி இன்னும் சர்வீஸ் சென்டரில்தான் நிற்கிறது. பாதிப் பணம் கட்டியிருக்கிறேன். நேற்று அதே புரோக்கரின் ஸ்டாண்டில் அதே மாடலில் இன்னும் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்றின் புகைக்குழாயில் விரல் விட்டுப் பார்த்தேன், அப்பிக்கொண்டு வந்தது கரி. அதை யாரோ ஒருத்தர் சனிக்கிழமை பார்க்க வருகிறாராம்.