பாஸ்பேட் மீட்டரும் பாழாய்ப்போன பொட்டலமும்

யாரோ மரைன் டேங்கை, அதாவது கடல் மீன் தொட்டியைக் கலைத்துவிட்டு விற்ற பழைய ராக்கை (தொட்டிக்குள் அடுக்கும் துளைகள் நிறைந்த பாறை) மலிவு விலையில் வாங்கிவிட்ட தம்பி ஒருவர், "அண்ணா, பாசியை வளர்க்கிற பாஸ்பேட் தண்ணீரில் எவ்வளவு என்று பார்க்க டிஜிட்டல் மீட்டர் வாங்கலாமா, இல்ல கலர் கார்டு கிட்டே போதுமா?" என்று கேட்டார். பதில் நீண்டுவிட்டது, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தண்ணீரின் நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் கலர் கார்டை விடுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் கிட்டில் பூஜ்யத்துக்கு அடுத்த கட்டமே 0.25 பிபிஎம். நமக்கு வேண்டிய சண்டையெல்லாம் 0.03க்கும் 0.1க்கும் நடுவில். மீட்டர் அதைக் காட்டும், ±0.02 முன்பின்னாக.

ஆனால் தண்ணீரில் கலக்கும் அந்த ரீஏஜென்ட் (சோதனைப் பொடி) பொட்டலம் இருக்கிறதே! கத்தரித்தால் பொடி ஓரத்து மடிப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். தட்டி, வாயைக் கூம்பாக மடித்து, தண்ணீர் பிடித்து மீட்டரில் வைக்கும் கண்ணாடிக் குப்பியான குவெட்டின் சின்னக் கழுத்துக்குள் கொட்ட வேண்டும், ஃபேனை நிறுத்திவிட்டு. கொஞ்சம் வெளியே போனால் எண் குறையும். வேகமாகக் குலுக்கினால் குமிழி வரும், குமிழியோ கைரேகையோ கண்ணாடியில் இருந்தால் எண் ஏறும். இதையெல்லாம் பக்குவமாகச் செய்து முடிப்பதற்குள் மீட்டர் தானாக அணைந்துவிடும். மறுபடி பூஜ்யம் வைக்கப் பொடி கலக்காத தண்ணீர் வேண்டும் என்பதால் கலந்தது போச்சு, பொட்டலமும் போச்சு. இத்தனை காலம் பழகியும் இது எனக்கு எரிச்சல்தான்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ராக் என்பது என்ன என்று எனக்குக் காட்டியது இதே மீட்டர்தான். ராக் கால்சியம் கார்பனேட், பல வருஷம் மீனுக்குப் போட்ட தீனியின் பாஸ்பேட் அதன் மேற்பரப்பிலும் துளைகளிலும் ஒட்டியிருக்கும். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகளான ஜிஎஃப்ஓவை ரியாக்டரில் (தண்ணீர் அதன் வழியே ஓடும் குழாய்) போட்டுத் தண்ணீரை 0.03க்கு இறக்கி, அதை நிறுத்தினால் சில நாளில் பழையபடி ஏறிவிடும், ராக் விட்டுக்கொண்டே இருப்பதால். பாசி செழிப்பாக இருக்கும் டேங்கில் எண் குறைவாக வருவதும் உண்டு, பாசி தின்றது போக மிச்சம்தானே தண்ணீரில் தெரியும். அதனால் ஒற்றை ரீடிங்கை நம்பாதீர்கள், எந்த வேகத்தில் ஏறுகிறது என்று பாருங்கள்.

தம்பி, ராக்கை நேராக டேங்கில் இறக்கிவிடாதீர்கள். மூடி போட்ட டிரம்மில் உப்புத் தண்ணீர், உள்ளே ஒரு பம்ப், வெளிச்சம் படக்கூடாது. சில நாள் விட்டு அளந்து, ஏறியிருந்தால் தண்ணீரை மாற்றுங்கள். ரொம்ப ஏறினால் அந்த டிரம்மிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துப் படிய வைக்கும் லாந்தனம் குளோரைடு சொட்டுச் சொட்டாக விட்டு, வெள்ளையாகப் படிவதை 5 மைக்ரான் சாக்கில் வடிகட்டலாம். மீன் இருக்கும் டேங்கில் அதைச் செய்யப் பயம், டாங் மீன்களுக்கு ஆகாது என்பார்கள். அப்புறம் பூஜ்யம் வரை துரத்த வேண்டாம், பாஸ்பேட்டே இல்லாத தண்ணீரில் டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்ப் படலம்) வந்தால் பாசியே தேவலை என்றாகிவிடும்.

ஆக, மீட்டர் நல்ல மீட்டர். வாங்கலாமா என்றால், நேற்று ஒரு பொட்டலம் முழுசாக மேஜையில் கொட்டியது, அதனால் இன்றைக்கு என் பதில், "வேண்டாம்". ராக் ஊறி முடிகிற வரைக்கும் என்னுடையதை எடுத்துக்கொண்டு போங்கள், பொட்டலம் மட்டும் உங்கள் செலவு.