ஏஐ ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுச் சாமான்கள்: சில வருடம் புழங்கிய பிறகு

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின், டிவி, ஏசி, போன் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மூலையில் ஏஐ என்று எழுதியிருக்கிறது. வாங்கி இரண்டு மூன்று தீபாவளி தாண்டிவிட்டது. கடையில் சொன்னதில் எது நிஜமாகவே உழைக்கிறது, எது ஸ்டிக்கரோடு நின்றுவிட்டது என்று இப்போது ஓரளவு சொல்லலாம்.

அதிகம் புழங்குவது வாஷிங் மெஷின். முன்பக்கம் துணி போடுகிற எட்டு கிலோ மாடல். ஸ்டார்ட் கொடுத்ததும், தண்ணீர் எடுக்கும் முன்பே, டிரம் இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்க்கும். அந்தக் கனத்தைச் சுற்ற மோட்டார் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை வைத்து எடையைக் கணிக்கிறது. துணி மெலிசா, முரடா என்றும் ஊகிக்கிறது. அதற்குத் தகுந்த மாதிரி தண்ணீர், நேரம், டிரம் சுழலும் விதம் எல்லாம் மாறும். திரையில் முதலில் காட்டிய நேரம் திடீரென்று குறைவதோ கூடுவதோ இதனால்தான். நாலு சட்டை, இரண்டு வேட்டி என்று கொஞ்சமாகப் போடுகிற நாளில் இது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. முன்பு இருந்த மெஷின் பாதி டிரம்முக்கும் முழு டிரம்முக்கும் ஒரே அளவு தண்ணீரைக் குடிக்கும்.

தடுமாறுவது ஈரத்துணியில். ஐப்பசி மழையில் நனைந்த டவல்களை அள்ளிப் போட்டால் தண்ணீரின் கனத்தையும் துணிக் கணக்கில் சேர்த்து நேரத்தை நீட்டிவிடும். ஜமக்காளம் ஒற்றையாகப் போனால் இன்னும் மோசம். ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ளும். மெஷின் பிழிவதற்கு வேகம் எடுக்கப் பார்க்கும், நிறுத்தும், துணியைக் கலைத்துப் போடும், மறுபடி வேகம் எடுக்கப் பார்க்கும். மீதி ஒன்பது நிமிடம் என்று காட்டியபடியே அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். கூட இரண்டு துண்டைப் போட்டால் சரியாகிவிடும். அந்த யோசனை அதற்கு வராது, நாம்தான் கதவைத் திறந்து போட வேண்டும்.

எங்களுக்கு போர் தண்ணீர். உப்பு அதிகம், சோப்பு சரியாக நுரைக்காது. எங்கள் மாடலில் தண்ணீரின் உப்பை அறிய எந்த சென்சாரும் கிடையாது. எனவே எவ்வளவு பவுடர், எப்போது டிஸ்கேலிங் (உள்ளே படிந்த உப்பை நீக்குவது) என்பதெல்லாம் பழையபடி அம்மாவின் கைக்கணக்குதான். சட்டைக் காலரை மட்டும் அம்மா இன்னும் கையால் தேய்த்துத்தான் உள்ளே போடுகிறார். "எடை பாக்குது சரிடா, அழுக்கப் பாக்குதா?" என்று கேட்டார். அழுக்குத் தண்ணீரின் கலங்கலை அளக்கும் சென்சார் சில மெஷின்களில் உண்டு. எங்களுடையதில் இல்லை. ஏஐ என்ற ஒரே எழுத்து இரண்டு வகையிலும் இருக்கும் என்பதால், வாங்கும்போது என்னென்ன சென்சார் இருக்கிறது என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

இதில் புதுமை எவ்வளவு என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. லோட்ஃபி ஸாதே என்ற கணினி அறிஞர் 1965-இல் எழுதிய ஃபஸ்ஸி கணக் கோட்பாட்டை (ஆம், இல்லை என்று மட்டும் பார்க்காமல் 'கொஞ்சம்', 'ஓரளவு' என்றும் கணக்கிடும் முறை) வைத்து, துணியைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் வாஷிங் மெஷின்கள் 1990 வாக்கிலேயே ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டன. நம் ஊர்க் கடைகளிலும் 'ஃபஸ்ஸி லாஜிக்' ஸ்டிக்கர் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. அன்றைக்கு விதிகளைப் பொறியாளர்கள் எழுதி வைத்தார்கள். இன்றைக்கு ஏராளமான சலவைத் தரவுகளைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். கணிப்பு கூர்மையாகியிருக்கலாம். வேலை ஏறக்குறைய அதேதான்.

டிவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படத்தைத் தானே மெருகேற்றும் வசதியை வந்த வாரமே அணைத்துவிட்டேன். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஃபிலிமின் பொடிப் புள்ளிகளைக் குறை என்று நினைத்து வழித்தெடுக்கிறது. நடிகர்கள் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடுகிறார்கள். ஆனால் வசனத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும் ஒலி வசதி அருமை. காது கொஞ்சம் மந்தமான அப்பா இப்போது சத்தத்தை முன்பு மாதிரி ஏற்றுவதில்லை.

ஏசியில் உள்ள ஏஐ மோடுக்கும், 24 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓட விடுவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீடு உள்ள ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டு வர வேண்டும் என்பது இந்திய அரசின் விதி. கரண்ட் பில் குறைய அந்த நட்சத்திரங்களையும் வருட யூனிட் கணக்கையும் பார்த்தாலே போதும். பேசும் ஸ்பீக்கர் ஒன்றும் இருக்கிறது. அதற்குத் தமிழ் புரியாது என்பதால் வீட்டில் அலாரம் வைக்க மட்டும் பயன்படுகிறது.

போன் கதை வேறு. கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழ்க் குரல் தட்டச்சைக் கொண்டுவந்தபோது யாரும் அதை ஏஐ என்று கூவி விற்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரையும் விட அதிகம் பயன்பெற்றவர் அம்மாதான். கண்ணாடி போட்டு எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டியவர், இப்போது சித்திக்குப் பக்கம் பக்கமாகப் பேசி அனுப்புகிறார். அப்புறம், கேட்காமலே திரையில் வந்து நிற்கும் ஸ்பேம் (வேண்டாத அழைப்பு) எச்சரிக்கை. ஏர்டெல் 2024 செப்டம்பரில் ஏஐ வைத்து இதைத் தொடங்கியது. தனி ஆப் எதுவும் வேண்டாம். லோன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளை எடுக்காமலே விட முடிகிறது.

கேமராவில் எனக்கு மனக்குறை உண்டு. இருட்டில் எடுக்கும் படம் பிரமாதம், கோவில் பிராகார வெளிச்சத்திலேயே தெளிவாக வருகிறது. ஆனால் செல்ஃபி எடுத்தால் என்னைக் கேட்காமலே நிறத்தை வெளுத்து, பாட்டியின் சுருக்கங்களைத் துடைத்துவிடுகிறது. அணைக்கும் பொத்தான் மூன்று மெனு உள்ளே ஒளிந்திருக்கிறது. போன் அப்டேட் ஆன பிறகு அது மறுபடி ஆன் ஆகியிருந்தது.

மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு தகவல். ஆப்பில் இணைக்க நினைத்தால் உங்கள் வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான வீட்டுச் சாமான்கள் அதில்தான் சேரும், ரவுட்டரை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டும். அடுத்து வாரன்ட்டி. முகப்பில் பத்து வருடம் என்று பெரிதாக இருப்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். எடை பார்ப்பது, கணிப்பது எல்லாம் நடக்கிற எலெக்ட்ரானிக் போர்டுக்கு எங்கள் மெஷினில் வாரன்ட்டி இரண்டு வருடத்தோடு முடிந்துவிட்டது. மின்னழுத்தம் ஏறி இறங்குகிற தெருவில் முதலில் அடிவாங்குவது இந்த போர்டுதான் என்று சர்வீஸ்காரர் சொன்னார். போர்டு விலையைக் கேட்ட கையோடு கூடுதல் வாரன்ட்டிக்குப் பணம் கட்டிவிட்டேன்.