கீழக்கரைப் பழைய புத்தகக் கடையில் ஒரு தவணை எம்.பி. லிங்கன்

கீழக்கரை கடைத்தெருச் சந்தில் பெயர்ப்பலகை இல்லாத பழைய புத்தகக் கடை ஒன்று இருக்கிறது. வாசலில் கிடக்கும் நோட்ஸ், கைடுகளைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். நல்ல சரக்கெல்லாம் உள் அலமாரியில்தான்.

மகளின் பேச்சுப்போட்டிக்காக லிங்கன் புத்தகம் கேட்டேன். "ஜனாதிபதி கதைய எல்லாப் பிள்ளையளும் பேசும் தம்பி. எம்.பி.யா இருந்ததப் பேசச் சொல்லுங்க" என்று, அட்டை கிழிந்த தடித்த புத்தகம் ஒன்றை உருவித் தந்தார் கடைக்காரக் காக்கா (இந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது). உட்கார்ந்து படிக்க முக்காலியும் போட்டார்.

லிங்கன் 1832இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். 1834 முதல் தொடர்ந்து நாலு தடவை ஜெயித்தார். அப்புறம் 1847 முதல் 1849 வரை ஒரே தவணை காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். மெக்சிகோக்காரன் எங்கள் மண்ணில் ரத்தம் சிந்த வைத்தான் என்று ஜனாதிபதி போல்க் போருக்குக் காரணம் சொல்ல, அந்த இடம் எது, அது யார் மண் என்று தீர்மானம் போட்டுக் கேட்டார் இந்தப் புது எம்.பி. சொந்த ஊரில் கெட்ட பெயர்தான் மிச்சம். கட்சிக்குள் ஆளுக்கொரு தவணை என்று ஏற்பாடு இருந்ததால் மறுபடி நிற்கவில்லை. கேட்ட நில அலுவலக ஆணையர் பதவியும் கிடைக்கவில்லை. வக்கீல் தொழிலுக்கே திரும்பிவிட்டார்.

எனக்குப் பிடித்தது படகு விஷயம். 1849 மே 22 அன்று லிங்கனுக்குக் காப்புரிமை எண் 6469 கிடைத்தது. படகின் இரு பக்கமும் ரப்பர் துணியில் மடிப்பு மடிப்பாகக் காற்றறைகள். ஆழம் குறைந்த இடத்தில் அவற்றை விரித்தால் படகு மேலே எழும்பி மணல்திட்டைத் தாண்டிவிடும். வடகடலில் (பாக் விரிகுடாவில்) தண்ணீர் வற்றிய நேரம் வள்ளம் தரைதட்டி, இடுப்பளவு நீரில் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளியவர்களுக்கு புத்தகத்திலுள்ள அந்தப் படகின் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க மனசு வராது. யாரும் அதைச் செய்து விற்கவில்லை என்பதுதான் வருத்தம்.

குறையும் உண்டு. உப்புக்காற்றில் ஓதமேறிச் சில புத்தகங்களில் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது; பிரித்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே வெளிச்சமும் போதாது. விலை முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும், பேரம் கிடையாது. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறார். கேட்டதைவிட நல்லதைத் தேடித் தருகிற கடைக்காரர் இந்தப் பக்கம் வேறு எங்கே இருக்கிறார்? வெள்ளிக்கிழமை மதியம் பூட்டியிருக்கும், அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு போங்கள்.