ஒரு வாரம் கரண்ட் இல்லைன்னா எது தாங்கும்: பெட்ரோல் ஜெனரேட்டரா, டீசலா, இன்வெர்ட்டரா, சோலாரா?

பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னு சேதி வந்தா எங்க தங்கச்சிமடத்துல எல்லா வீட்லயும் ஒரே வேலைதான், மோட்டாரைப் போட்டு டேங்கை ரொப்புவாங்க, போனையெல்லாம் சார்ஜ்ல போடுவாங்க, பைக்குக்கு பெட்ரோல் அடிக்க ஓடுவாங்க. ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் கரண்ட் போறது நமக்குப் பழகிப்போன விஷயம், அதுக்கு வீட்டுல கெடக்குற இன்வெர்ட்டரே போதும். நான் பேச வந்தது அது இல்ல. போஸ்ட் சாஞ்சு, கம்பி அறுந்து, டிரான்ஸ்பார்மரைச் சுத்தி தண்ணி நின்னு, நாலு நாள் அஞ்சு நாள் ஒரு வாரம்னு இழுக்கும்ல, அந்தக் கணக்கு. 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுச்சு, அங்கிட்டு எத்தனையோ ஊருல வாரக்கணக்கா இருட்டு. 2024 நவம்பர் 20ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. எங்க தீவுக்கு ரோடு ஒண்ணுதான், பாலத்துல காத்து அதிகமாயி வண்டி போக்குவரத்த நிறுத்திட்டா உள்ள இருக்குற பெட்ரோலும் டீசலும்தான் கையிருப்பு. அதனால நான் எந்த மெஷினப் பார்த்தாலும் மொதல்ல கேக்குறது இது எத்தனை லைட் எரிக்கும்னு இல்ல, ஒரு வாரத்துக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்னுதான்.

எங்க வீட்டுல அம்மாவுக்கு இன்சுலின், அப்பாவுக்கு ராத்திரி நெபுலைசர் வைக்கணும், அதனால இது எனக்கு சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம் கிடையாது. மொதல்ல நான் வச்சிருந்தது சாதா 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர், கம்பிக் கூண்டுக்குள்ள இன்ஜின் திறந்து தெரியுமே அந்த ரகம். இப்ப இருக்குறது 2 கேவிஏ இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். பக்கத்து வீடு மச்சான் வீடு, அவங்க கூட்டுக் குடும்பம், 5 கேவிஏ டீசல் வச்சிருக்காங்க. மண்டபத்துல சித்தப்பா மாடியில சோலார் போட்டிருக்காரு. இந்த நாலையும் மழைக்காலத்துல கிட்ட இருந்து பார்த்தத வச்சுத்தான் எழுதுறேன்.

சாதா பெட்ரோல் ரகத்துல வெலை கம்மி, கயிற இழுத்தா ஸ்டார்ட் ஆகும், எந்த பைக் மெக்கானிக்கும் கை வைப்பாரு. ஆனா அது எப்பவுமே நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தியே ஆகணும், அப்பத்தான் லைன் கரண்ட் மாதிரி 50 ஹெர்ட்ஸ் வரும், ரெண்டு லைட் எரிஞ்சாலும் அதே சுத்துதான், அதே சத்தம்தான். மணிக்கு முக்கால் லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரை போயிரும். ராத்திரி ஃபேனுக்காக பத்து மணி நேரம் ஓட்டுனா ஏழு நாளைக்கு 60, 70 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய்னு வச்சாலே ஆறாயிரம் ஏழாயிரம், காசை விடுங்க, அவ்வளவு பெட்ரோலை வீட்டுல வச்சிக்கவே கூடாது. லைசென்ஸ் இல்லாம வீட்டுத் தேவைக்கு 30 லிட்டர் வரைக்கும்தான் சட்டமே விடுது, அதுவும் நல்லா மூடுற உலோகக் கேன்ல, சமையக்கட்டுக்கும் சாமி விளக்குக்கும் தள்ளி. புயல் நேரத்துல பங்க்ல கேன்ல ஊத்தித் தருவாங்கன்னு நம்பியும் இருக்க முடியாது, வண்டி டேங்குக்கு மட்டும்தான்னு சொல்லிருவாங்க.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்ங்குற பேரைக் கேட்டு வீட்டு இன்வெர்ட்டரோட குழப்பிக்காதீங்க, இதுவும் பெட்ரோல் இன்ஜின்தான், ஆனா லோடு கம்மியானா இன்ஜினும் தன்னால வேகத்தக் குறைச்சுக்கும், வெளிய வர்ற கரண்டை உள்ள இருக்குற எலக்ட்ரானிக்ஸ் சரிபண்ணி அனுப்பும். பாதி லோடுக்குள்ள ஓட்டுனா மணிக்கு அரை லிட்டர், கூடிப்போனா முக்கால். சத்தம் பாதிதான், ஒரு ஆளே தூக்கி வைக்கலாம். வெலை மட்டும் சாதா ரகத்தப்போல ஒன்றரை ரெண்டு மடங்கு வரும், போர்டு போச்சுன்னா உள்ளூர்ல யாரும் பார்க்க மாட்டாங்க, மதுரைக்குத்தான் அனுப்பணும். அது உண்மையான குறைதான், மறைக்கல.

டீசல்னா எங்க கடற்கரையில ஒரு தனி பலம் இருக்கு. விசைப்படகு ஓடுற ஊரு, டீசல் இன்ஜின் தெரிஞ்ச மெக்கானிக் தெருவுக்கு ஒருத்தர், நாசில் அடைச்சாலும் காத்துப் புகுந்தாலும் அர்த்தராத்திரியில வந்து சரிபண்ணிருவாங்க. 1500 சுத்து ரகமா வாங்குனா வருஷக்கணக்கா உழைக்கும். பெட்ரோலப் போல டீசல் சட்டுனு தீப்பிடிக்காது, வச்சிக்கிறதும் கொஞ்சம் நிம்மதி. மச்சான் வீட்டுல ஒரு எச்பி மோட்டாரு, ரெண்டு ஃப்ரிட்ஜ், நாலு ரூம் ஃபேன் எல்லாம் ஒரே நேரத்துல ஓடும். ஆனா மூணு ஃபேன் நாலு லைட்டுக்காக ராத்திரி பூரா டீசலை ஓட்டக் கூடாது. அதோட தாங்குற அளவுல முப்பது சதவீதத்துக்கும் கீழ ரொம்ப நேரம் ஓடுனா சரியா சூடேறாது, எரியாத டீசலும் கரியும் சைலன்சர்லயும் வால்வுலயும் படியும், கருப்பா எண்ணெய் மாதிரி ஒழுகும். மொத வருஷம் மச்சான் அப்படித்தான் ஓட்டுனாரு, அடுத்த வருஷம் ஹெட்டக் கழட்டி கரியச் சுரண்டுனோம். புதுசா வாங்குறவங்க இன்னொண்ணும் பாக்கணும், 2024 ஜூலையில இருந்து புகைக் கட்டுப்பாடு கடுமையாயிருச்சு, அந்த புது விதிக்கு ஒத்துவர்ற செட்டுதான் விக்கணும், வெலையும் அதுக்கேத்த மாதிரி ஏறியிருக்கு, பழைய ஸ்டாக்கை தள்ளுபடியில தர்றேன்னு சொன்னா சட்டுனு கைய நீட்டிறாதீங்க.

சோலார் விஷயத்துல நெறைய பேரு ஏமாந்து போறாங்க, சித்தப்பாவும்தான். நம்ம மாவட்டத்துல வெயிலுக்குக் கொறையே இல்ல, கமுதியில 648 மெகாவாட் சோலார் பார்க்கே இருக்கு. ஆனா மானியத்துல மாடியில போடுறமே அந்த ஆன்கிரிட் ரகம், அதாவது பேட்டரி இல்லாம லைனோட சேர்ந்து ஓடுறது, லைன்ல கரண்ட் போன அடுத்த நொடியே அதுவும் தன்னை நிறுத்திக்கும், கம்பியில வேலை பாக்குற லைன்மேனைக் காப்பாத்தத்தான் அப்படி வச்சிருக்காங்க. உச்சி வெயில் அடிச்சாலும் வீட்டுக்குள்ள இருட்டுதான். பேட்டரியோட சேர்ந்த ஹைப்ரிட் ரகம்னா ஓடும், ஆனா புயலுக்கு முன்ன பின்ன மூணு நாலு நாள் வானம் மூடிக் கெடக்கும், அப்ப வர்றது வழக்கத்துல கால்வாசிகூடத் தேறாது. மழை ஓஞ்சு வெயில் வந்து, லைன் மட்டும் வராம கெடக்குற நாள்ல அதை மாதிரி ஒண்ணு கிடையாது.

சரி, எதை வாங்குறது. நான் வந்து நின்ன எடம், வீட்டுல ஏற்கனவே இருக்குற இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் துணையா ஒரு சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். கணக்கு இதுதான், 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்வளவு புடிக்கும்ங்குற அளவு) பேட்டரிக்கு இன்வெர்ட்டர் சுமாரா 15 ஆம்பியர் ஏத்தும். காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஜெனரேட்டர் போட்டா 60 ஏஎச் ஏறும், நஷ்டமெல்லாம் போக ஒரு 550 வாட் ஹவர் கைக்கு வரும். ராத்திரி ரெண்டு பிஎல்டிசி ஃபேன் (கம்மி கரண்ட்ல ஓடுற புது ரகம்) 60 வாட், ரெண்டு எல்இடி 18 வாட், ஆக 80 வாட்டுனு வச்சா ஏழு மணி நேரம் ஓடும், விடிஞ்சிரும். அதே எடத்துல பழைய ஃபேனா இருந்தா ஒண்ணே 75 வாட் இழுக்கும், மூணு மணி நேரத்துல பேட்டரி கீ கீன்னு கத்த ஆரம்பிச்சிரும். அதனால பெரிய ஜெனரேட்டர் வாங்க காசு சேக்குறதுக்கு முன்னாடி படுக்குற ரூம் ஃபேன் ரெண்டை மாத்துங்க, அது எந்த மெஷினையும் விட மலிவான பேக்கப். அந்த நாலு மணி நேரத்துலயே ஃப்ரிட்ஜும் ஓடிரும், நெபுலைசரும் வச்சிரலாம். பெட்ரோல் ஒரு நாளைக்கு ரெண்டு, ரெண்டரை லிட்டர், வாரத்துக்கு 18 லிட்டருக்குள்ள முடிஞ்சிரும், ஒரு கேனும் ரெண்டு பைக் டேங்கும் போதும்.

ஃப்ரிட்ஜ் மிச்ச நேரம் சூடாயிராதான்னு கேப்பீங்க. மழைக்கு முன்னாடியே ஃப்ரீசர்ல தண்ணி பாட்டில் நாலஞ்சு உறைய வச்சிருங்க, கரண்ட் போனதும் ரெண்ட எடுத்து கீழ் தட்டுல வைங்க, கதவ அடிக்கடி தெறக்காதீங்க. இன்சுலின் மட்டும் அந்த பாட்டில்ல ஒட்டாம இருக்கணும், உறைஞ்சு போன இன்சுலின் வீண், திருப்பி உருகுனாலும் போடக் கூடாது. பிரிச்சுப் பயன்படுத்துற இன்சுலினை பெரும்பாலும் நாலு வாரம் வெளிய வச்சுக்கலாம், சூடு 30 டிகிரிக்கு மேல போகாம பாத்தா சரி, ஈர மணல்ல பதிச்ச மண்பானைக்குள்ள ஒரு டப்பாவுல போட்டு வச்சா எங்க வீட்டுல தாங்குது, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே செய்யுங்க.

இந்த சின்ன மெஷினுக்கு முடியாத வேலை மோட்டாரு. ஒரு எச்பி மோட்டாரு ஓடும்போது ஆயிரம் வாட்டுச் சொச்சம்தான் இழுக்கும், ஆனா சுத்த ஆரம்பிக்கிற அந்த நொடியில நாலஞ்சு மடங்கு கேக்கும், 2 கேவிஏ அங்கேயே மூச்சு முட்டி நின்னுரும். அரை எச்பி சில சமயம் எடுக்கும், சில சமயம் எடுக்காது. கெணத்துல வாளி போட்டு எறைக்க முடியும்னா பிரச்சினை இல்ல, தீவுக்குள்ள மணற்கேணியில பத்துப் பதினஞ்சு அடியில தண்ணி கெடக்குற வீடுங்க உண்டு. போர்ல சப்மெர்சிபிள் வச்சிருக்குறவங்க டீசல் பக்கம் போறதுதான் நியாயம்.

வாங்குறப்ப கடைக்காரர் சொல்லாத ஒரு சிக்கல் சொல்றேன், சாதா பெட்ரோல் ஜெனரேட்டரை வச்சு வீட்டு இன்வெர்ட்டரை சார்ஜ் போட்டா பல தடவை ஏறவே ஏறாது. ஜெனரேட்டரோட வோல்டேஜும் ஹெர்ட்ஸும் அலைபாயும், இன்வெர்ட்டர் யுபிஎஸ் மோட்ல இருந்தா இது சரியில்லாத கரண்ட்டுன்னு ஒதுக்கிரும். பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், அதை நார்மல் மோடுக்கு மாத்துனா ஏத்துக்கும். ரெண்டு நாள் பேட்டரி போச்சுன்னு நெனச்சு நான் பட்ட பாடு இந்த ஒரு சுவிட்ச்சால.

உப்புக்காத்துக்கு எந்த ரகமும் தப்பாது. டெர்மினல்ல பச்சை பூக்கும், சைலன்சர் செதில் செதிலா உதிரும், டீசல் செட்டோட கூண்டுத் தகடு மூணு மழைக்குள்ள ஓட்டையாகும். இறுக்கமா தார்ப்பாயப் போட்டு மூடாதீங்க, உள்ள வேர்த்து இன்னும் துருப்பிடிக்கும். நல்ல தண்ணியில நனைச்ச துணியால தொடச்சு, டெர்மினல்ல வாசலின் தடவி, ரெண்டடி உசரத்துல கட்டை கட்டி மேல வைங்க, தரையில வச்சா ஜெனரேட்டர் தேவைப்படுற அன்னைக்கே அது தண்ணிக்குள்ள நிக்கும். பெட்ரோல் மெஷின்ல பழைய பெட்ரோல் விடாதீங்க, இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், ஈரத்தை இழுத்து அடியில தண்ணியா பிரிஞ்சு நிக்கும், கார்ப்ரேட்டர் அடைச்சிரும். என் பழைய மெஷின் எட்டு மாசம் சும்மா கெடந்து, ஒரு ஐப்பசி ராத்திரி அப்பாவுக்கு மூச்சு வாங்குறப்ப முப்பது தடவை கயிறு இழுத்தும் கிளம்பல. அன்னைக்கு மச்சான் வீட்டுல இருந்து ஒயர் இழுத்துத்தான் நெபுலைசர் வச்சோம். இப்ப மாசம் ஒரு தடவை, அமாவாசையன்னைக்கு, ஃப்ரிட்ஜ் லோடைப் போட்டு இருபது நிமிஷம் ஓட்டிருவேன். முடிச்சதும் பெட்ரோல் வால்வை மூடிட்டு தானா நிக்கிற வரைக்கும் விட்டுருவேன். ஆயிலும் பாருங்க, புதுசுக்கு மொத 20 மணி நேரத்துல மாத்தணும், அப்புறம் 100 மணிக்கு ஒரு தடவை. விடாம ஓட்டுனா நாலே நாள்ல 100 மணி வந்துரும், கையில ஒரு லிட்டர் ஆயில் இல்லாம புயலை எதிர்பார்க்காதீங்க.

ரெண்டு விஷயத்துல மட்டும் எந்த ரகத்துக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாது. மழை நனையுதேன்னு திண்ணையிலயோ கிரில் வராண்டாவுலயோ வச்சு ஓட்டாதீங்க, புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்ல நெறமும் இல்ல, தூங்குறவங்க தூக்கத்துலயே போயிருவாங்க. வீட்டை விட்டு இருபது அடி தள்ளி, மேல மட்டும் கூரை போட்டு, நாலு பக்கமும் திறந்து விடுங்க. ஐப்பசி கார்த்திகையில வாடை அடிக்கிறதால நாங்க வீட்டுக்குத் தெக்க வைக்கிறோம், புயல் கடந்து காத்து திரும்புனா எடத்தையும் மாத்திருவோம். ரெண்டாவது, ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒயரை சுவத்து பிளக்குல சொருகி வீடு பூராவும் கரண்ட் கொடுக்குற பழக்கம். அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டி வெளிய போயி டிரான்ஸ்பார்மர்ல ஏறி 11,000 வோல்ட்டா மாறும், அங்க இடுப்பளவு தண்ணியில நின்னு நமக்காக கம்பி கட்டிக்கிட்டு இருக்குறது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. அதுக்குப் பதிலா லைனையும் ஜெனரேட்டரையும் ஒண்ணு சேர விடாம பிரிக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்க, எலக்ட்ரீசியனுக்கு அரை நாள் வேலைதான்.

போன மழைக்கு எங்க தெருவுல நாலு வீடும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். மச்சான் வீட்டு டீசல் காலையில ஆறுல இருந்து ஏழரை வரை ஓடும், அப்ப வீட்டுக்கு வீடு வரிசையா மோட்டாரைப் போட்டு டேங்கை ரொப்பிக்குவோம், அதுக்கும் நல்ல லோடு கெடைக்குது. ஆளுக்கொரு லிட்டர் டீசல் கொடுத்துருவோம், ரெண்டரை சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் சுவரோரமா இழுத்து வச்சிருக்கு. ஏழரைக்கு மச்சான் டீசலை அணைப்பாரு, நான் என் மெஷினைக் கிளப்புவேன், ஃப்ரிட்ஜும் பேட்டரியும் என் லோடு, தெருப்பிள்ளைங்க போனெல்லாம் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல தொங்கும்.