கிரேயான் துண்டா, கலர் பென்சிலா, ஸ்கெட்ச்சா: ஒரே நண்டுப் படத்தில் மூன்றையும் பார்ப்போம்

மூன்று வயதுப் பிள்ளைக்கு 12 நிற ஸ்கெட்ச் டப்பா வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்குச் சந்தோஷம்தான். ஆனால் விரலுக்கு அதில் வேலை இல்லை. முனை பட்டதுமே மை இறங்கிவிடும், அழுத்தத் தேவையில்லை. விரலின் சின்னத் தசைகள் வலுப்பெற, தாள் கொஞ்சம் தடுக்கவும் விரல் அதைத் தள்ளவும் வேண்டும். அந்தத் தடையைத் தருவது மெழுகு கிரேயான்.

அதையும் முழுசாகக் கொடுத்தால் பிள்ளை கரண்டியைப் பிடிப்பதுபோல் முஷ்டியில் அடக்கிக்கொள்ளும். காகித உறையை உரித்து, 2 முதல் 3 சென்டிமீட்டர் துண்டாக உடைத்துக் கொடுங்கள். உள்ளங்கையில் அடக்க இடமிருக்காது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தானாக முன்னால் வரும். எழுதுவதற்கும் இதே பிடிதான். வாயில் போடும் பழக்கம் விடாத பிள்ளைக்குத் துண்டு வேண்டாம், தடித்த கிரேயானே போதும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் வைத்தால் மெழுகு இளகி வளைந்துவிடும். நிழலில் மண்பானைக்குள் வைக்கலாம்.

கலர் பென்சில் அடுத்த படி. முனை மெல்லியது, அதை விரல் நுனியால் நகர்த்தத் தெரிய வேண்டும். அது தெரிவதற்கு முன் திணித்தால் பிள்ளை முனையை ஒட்டிப் பிடித்து அழுத்தும், விரல் மூட்டு வெளுக்கும், ஐந்தே நிமிடத்தில் கை சலித்துப்போகும். முதலில் தடித்த முக்கோணப் பென்சில் கொடுங்கள். கீழே விழுந்த பென்சிலுக்கு உள்ளே வண்ணக் குச்சி உடைந்திருக்கலாம். அப்படி உடைந்தால் எத்தனை முறை சீவினாலும் முனை நிற்காது, பிள்ளை எரிச்சலடையும். ஷார்ப்னரை மட்டும் பிள்ளையிடமே விடுங்கள். ஒரு கை பிடிக்க ஒரு கை திருப்புவது, வண்ணம் தீட்டுவதற்குச் சற்றும் குறையாத பயிற்சி.

இப்போது படத்துக்கு வருவோம். நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நீலக்கால் நண்டு தெரியும். ஏ4 தாளில் நண்டின் ஓடு 12 சென்டிமீட்டர் அகலத்துக்கும், கால்கள் 1 சென்டிமீட்டர் அகலத்துக்கும் வரும்படி வரையுங்கள். ஓடு கிரேயானுக்கு, கால்கள் பென்சிலுக்கு. மூன்று வயதுக்காரருக்கு ஓடு மட்டும் போதும். கால்களையும் தீட்டச் சொன்னால் கோட்டைத் தாண்டி மனம் சோர்ந்துவிடும். ஓட்டின் ஓரத்தில் பழைய வலை நூலை ஃபெவிகால் வைத்து ஒட்டுங்கள். கிரேயான் நூலில் இடித்து நிற்கும்போது, எல்லை எங்கே என்று கண் பார்ப்பதற்கு முன்பே கை சொல்லிவிடும். பசை வெள்ளை போய்த் தெளிவாகும் வரை தாளைத் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் அதற்கு நேரம் பிடிக்கும்.

தாளைத் தரையில் வைப்பதா, சுவரிலா? மணிக்கட்டு வலுவில்லாத பிள்ளைக்குச் சுவர். கண் மட்டத்தில் ஒட்டினால் மணிக்கட்டு பின்னால் மடங்கி, கட்டைவிரல் விடுபடும். சொரசொரப்பான சுவரில் பென்சில் தாளைக் குத்திக் கிழிக்கும், கிரேயானுக்குச் சிக்கலில்லை.

கோலப்பொடியையும் இந்தப் போட்டியில் சேர்க்க வேண்டும். பசை தடவிய ஓட்டின்மேல் பொடியைக் கிள்ளித் தூவுவதும் அதே மூன்று விரல் வேலைதான். கடற்காற்றில் பறந்துவிடும் என்பதால் தட்டில், வீட்டுக்குள் செய்யுங்கள். கடல் மணலை அப்படியே எடுக்காதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்து, பசையைப் பிடிக்க விடாது. நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் பயன்படும். தண்ணீருக்கே தட்டுப்பாடு உள்ள ஊரில் கோலப்பொடிதான் சிக்கனம்.

எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்க வயதைவிடப் பிடியைப் பாருங்கள். தோளிலிருந்து கை முழுவதும் அசைந்தால் இன்னும் கிரேயான் துண்டுதான். மணிக்கட்டு தாளில் ஊன்றி விரல்கள் மட்டும் அசைந்தால் பென்சிலுக்கு மாறலாம். மோதிர விரலும் சுண்டுவிரலும் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தால், ஐந்து வயதுப் பிள்ளையை ஒரு சோழியை அவற்றுக்குள் அடக்கிக்கொண்டு தீட்டச் சொல்லுங்கள், பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

ஸ்கெட்ச் அறவே வேண்டாம் என்பதில்லை. கை சீக்கிரம் சலிக்கும் பிள்ளைக்கு அது ஓய்வு, மூடியைக் கழற்றி மாட்டுவதும் நல்ல இழுவைப் பயிற்சி. ஐந்து வயது கடந்தும் முஷ்டிப் பிடி மாறவில்லையா, ஒரு கையை மட்டும் பிள்ளை ஒதுக்குகிறதா? தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை மருத்துவக் குழு வரும். அவர்களிடம் பிள்ளை தீட்டுவதை நேரில் காட்டுங்கள்.